கனவுக்கன்னி கட்டிய தியேட்டர்

கோட்டை வாசலில் வரிசை வரிசையாக முரசுகள். சின்ன முரசு இல்லை. ஒவ்வொன்றின் மேலும் ஆட்கள் ஏறி நின்று ஆடலாம். அத்தனை பெரிசு. கொடுங்கோலன் சசாங்கன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கதாநாயகி சந்திரலேகா அவனைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்துவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்கு முன்னால் முரசு நடனம் நடக்கவேண்டும்.

ஆட்டம் முடிகிறது. முரசுகளின் தோல் கிழிகிறது. உள்ளேயிருந்து வாளும் கையுமாகப் போர்வீரர்கள் குதிக்கிறார்கள். வில்லன் காலி.

கிரேக்கர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்துகொண்டு டிராய் நகரத்துக்குள் போன அதே பழைய தந்திரம்தான். ஆனால் குதிரையை முரசாக மாற்றி, முரசுக்கு மேலே நடனத்தையும் ஏற்றிவைத்த மூளை, தமிழ் மூளை. 1948-ம் வருடம் ஏப்ரல் 9-ம் தேதி 'சந்திரலேகா' வெளியானது. எழுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் டிவியில் அந்தக் காட்சி வந்தால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எஸ்.எஸ்.வாசன் அந்தப் படத்துக்குச் செலவழித்த பணம் 30 லட்ச ரூபாய் என்பது கணக்கு. முரசு நடனத்துக்கு மட்டும் 5 லட்சம். நானூறு நடனக்காரர்கள். ஆறு மாதம் தினமும் ஒத்திகை. படம் முடிய ஏறத்தாழ ஐந்து வருடங்கள். நடுவில் டைரக்டர் மாறினார். முதலில் இயக்கிக்கொண்டிருந்த டி.ஜி.ராகவாச்சாரி விலகிப் போக, வாசனே டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கதாநாயகியும் மாறினார். சந்திரலேகாவாக முதலில் பேசப்பட்டவர் கே.எல்.வி.வசந்தா. அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட, அந்த இடத்துக்கு வந்தவர்தான் நம் கட்டுரையின் நாயகி.

டி.ஆர்.ராஜகுமாரி.

தமிழ் சினிமாவின் முதல் கனவுக்கன்னி என்று அவரைச் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடலாம். கனவுக்கன்னிகள் நிறையப் பேர் வந்தார்கள், போனார்கள். ராஜகுமாரி செய்த வேறொரு காரியம்தான் ஒரு பி.காம். மண்டைக்குச் சுவாரஸ்யமாகத் தெரிகிறது.

அவர் கணக்குப் புத்தகத்தைத் தன் கையில் வைத்திருந்தார்.

*

அதைப் புரிந்துகொள்ள முதலில் கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய் வருவோம்.

1918-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மார்கரிட்டா கான்சினோ என்று ஒரு பெண் பிறந்தாள். அப்பா எடுவார்டோ ஸ்பெயினிலிருந்து வந்த நடனக்காரர். தலைமுறையாக ஆட்டமே தொழில். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மகளையே ஜோடியாகச் சேர்த்துக்கொண்டு மேடையேறினார் அப்பா. பள்ளிக்கூடம் எல்லாம் அப்புறம். ராத்திரி ஆட்டம், பகலில் ஒத்திகை.

சினிமாக்காரர்கள் கண்ணில் பட்டாள். கொலம்பியா கம்பெனி முதலாளி ஹாரி கோன் முதலில் பெயரை மாற்றினார். கான்சினோ என்றால் ஸ்பானிஷ்காரி என்று தெரிந்துவிடுமாம். அம்மா வழிப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி ஹேவொர்த் ஆக்கினார்கள். கறுத்த முடிக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். நெற்றி சின்னதாக இருக்கிறது என்று முன்னந்தலை முடியை மின்சாரம் வைத்து வேரோடு எடுத்தார்கள். மாதக்கணக்கில் வலி. எல்லாம் முடிந்து வெளியே வந்தவர்தான் உலகம் கொண்டாடிய ரீட்டா ஹேவொர்த்.

ஆட்டத்தில் கில்லாடி. பிரெட் ஆஸ்டேருடன் இரண்டு படம், ஜீன் கெல்லியுடன் 'கவர் கேர்ள்' (1944), பிறகு 'கில்டா' (1946). இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் பெட்டிக்குள் எல்லாம் அவர் படம். அதோடு விட்டார்களா? 1946-ல் பசிபிக் கடலில் பிகினி தீவுக்கூட்டத்தில் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது, ஒரு குண்டுக்குக் கில்டா என்று பெயர் வைத்து அவர் படத்தையும் ஒட்டிப் போட்டார்கள். ரீட்டாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் தெரிந்ததும் கொதித்துப் போனார் என்பார்கள்.

முகம் அவருடையது. பெயர் கம்பெனியுடையது. படத்தில் வருகிற பாட்டுக் குரல்கூடப் பெரும்பாலும் வேறு யாருடையதோ. பிற்பாடு சொந்தக் கம்பெனி ஆரம்பித்து லாபத்தில் பங்கு வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வாழ்க்கை பூராவும் யாராவது ஒருவர் அவருக்காக முடிவெடுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா, ஹாரி கோன், ஐந்து கணவர்கள். கடைசியில் அல்சைமர் வந்து, தான் யார் என்பதே மறந்துபோய், 1987-ல் இறந்தார்.

ரீட்டா புரூக்ளினில் பிறந்து நாலு வருடம் கழித்து, 1922-ல், தஞ்சாவூரில் ராஜாயி பிறந்தாள்.

*

இங்கேயும் கலைக் குடும்பம்தான். பாட்டி குஜலாம்பாள் தஞ்சாவூரில் பேர் பெற்ற பாடகி. சித்தி முறையில் எஸ்.பி.எல்.தனலட்சுமி சினிமா நடிகை. தலைமுறையாகப் பாட்டும் நடனமும் சோறு போட்ட வீடு.

இங்கேயும் பெயரை மாற்றினார்கள். ராஜாயி, ராஜகுமாரி ஆனாள். சினிமாவில் அவர் நுழைந்ததைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். டைரக்டர் கே.சுப்ரமணியம் தனலட்சுமியைப் பார்க்க வீட்டுக்கு வந்தாராம். உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்த கறுத்த, ஒல்லியான பெண் ஒருத்தி கண்ணில் பட்டாளாம். வந்த வேலையை விட்டுவிட்டு, இந்தப் பெண் யார் என்று விசாரித்தாராம். 1941-ல் அவர் எடுத்த 'கச்ச தேவயானி' ஓடு ஓடென்று ஓடியது. ராஜகுமாரி நட்சத்திரம்.

கறுப்பு நிறம் என்பதைக் கவனியுங்கள். கதாநாயகி என்றால் செக்கச்செவேல் என்று இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிற ஊர் இது. அந்த ஊரில் முதல் கனவுக்கன்னி கறுப்பு. ரீட்டாவுக்குச் செய்தமாதிரி இவர் நெற்றியை யாரும் திருத்தவில்லை.

இன்னொரு விஷயம், பெயருக்கு முன்னால் இருக்கிற இனிஷியல். 'டி' என்றால் தஞ்சாவூர். 'ஆர்' என்றால்? அப்பா பெயர் என்று நினைத்தால் தப்பு. ரங்கநாயகி. அம்மா. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'எஸ்' ஷண்முகவடிவு என்ற அம்மாவைக் குறிப்பதுபோலத்தான் இதுவும். பாடுவதும் ஆடுவதும் தொழிலாக இருந்த வீடுகளில் வம்சம் அம்மா வழியில் போனது. வீட்டுத் தலைவி, பாட்டி. சம்பாதிக்கிறவள், மகள். சொத்து போகிற பாதை, பேத்தி.

இது சாதாரண விஷயம் இல்லை. மற்ற இந்துக் குடும்பங்களில் பெண்ணுக்குச் சொத்துரிமை என்ற பேச்சே இழுத்துக்கொண்டு கிடந்தது. 1937-ல் விதவைக்குக் கொஞ்சம் உரிமை வந்தது, அதுவும் ஆயுள் வரைக்கும் அனுபவிக்க மட்டும். 1956-ல்தான் மகளுக்குப் பங்கு என்று சட்டம் வந்தது. பூர்வீகச் சொத்தில் ஆணுக்குச் சமமாகப் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-ல். ஆனால் கலைக் குடும்பத்துப் பெண்கள் அதற்கு வெகு முன்னாலேயே நிலம் வைத்திருந்தார்கள், நகை வைத்திருந்தார்கள், வரவு செலவு பார்த்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொந்தப் பணத்தைப் போட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினார் என்றால், அந்தப் பணத்தைச் செலவழிக்க அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

*

இங்கேதான் கதையில் ஒரு சிக்கல்.

அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. பெரிய விலை. சின்ன வயதில் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்ணுக்குக் கல்யாணம் கிடையாது. ஊர்ப் பெரிய மனிதர்களின் 'ஆதரவு' என்ற பெயரில் நடந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். எட்டு வயதுப் பெண்ணிடம் சம்மதம் கேட்டா பொட்டுக் கட்டினார்கள்? அதை எதிர்த்துப் போராடியவர்களில் முன்னால் நின்றவர்களே அந்தச் சமூகத்திலிருந்து வந்த பெண்கள்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அம்மா அந்தச் சமூகம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையை உள்ளேயிருந்து பார்த்தவர். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

1929-ல் ஒரு சட்டம் வந்தது. கோயில் ஊழியத்துக்காகக் கொடுத்திருந்த மானிய நிலத்தை, ஊழியத்திலிருந்து பிரித்து அந்தப் பெண்கள் பெயருக்கே ஆக்கிக்கொள்ள வழி செய்தது. கணக்குப் படித்தவன் பார்வையில் இது அருமையான யோசனை. சம்பளத்தை நிறுத்தினால் நிலம் போய்விடும் என்ற பயத்தில்தானே தொழிலை விடமுடியாமல் இருந்தார்கள்? அந்த முடிச்சை அவிழ்த்தது.

1947-ல் இரண்டாவது சட்டம். பொட்டுக்கட்டுவதே குற்றம் என்று சென்னை மாகாண சட்டசபை முடிவு செய்தது. கோயில்களிலும் விழாக்களிலும் அந்தச் சமூகத்துப் பெண்கள் ஆடுவதையும் சேர்த்தே தடுத்தது. முதல் பாதி நியாயம். இரண்டாவது பாதி? குழந்தையைக் காப்பாற்றப் போய், குழந்தைக்குத் தெரிந்த வித்தையையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆயிற்று. வழக்கத்தோடு சேர்த்து ஆட்டத்தையும் ஒழிக்கிறீர்களே என்று கேட்டவர்களில் நாகரத்தினம்மாள் ஒருவர். பாலசரஸ்வதி தன் வாழ்நாள் முழுவதும் அதே கட்சி.

பாலசரஸ்வதியைச் சொல்லும்போது நம் பக்கத்து ஊர் ஒன்று நினைவுக்கு வரவேண்டும். 1925-ல் அவர் ஏழு வயதில் அரங்கேறியது காஞ்சிபுரத்தில், ஓர் அம்மன் கோயிலில். அன்றைக்குக் காஞ்சிபுரம் என்றால் செங்கல்பட்டு ஜில்லா. அதே ஜில்லாவின் இன்னொரு மூலையில், கடலோரத்தில், அப்போது வெறும் மணலும் சவுக்குமாக இருந்த திருவான்மியூரில்தான் பிற்பாடு ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா வந்து அமர்ந்தது. 1935-ல் ருக்மிணி தேவி மேடையேறியதிலிருந்து ஆட்டத்துக்குப் புதுப் பெயர், புது உடை, புது ஆட்கள். சதிர் என்பது பரதநாட்டியம் ஆயிற்று. நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்றுக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அப்படியானால் அதுவரைக்கும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எந்தக் குடும்பம் என்று யாரும் கேட்கவில்லை.

காஞ்சிபுரத்துக்கும் திருவான்மியூருக்கும் நடுவில் நாற்பது மைல். ஆட்டம் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி இன்னொரு வீட்டுக்குப் போன தூரம் அது. அதே கடற்கரையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மாமல்லபுரம். ஒவ்வொரு வருடமும் டிசம்பர், ஜனவரியில் அங்கே அரசாங்கம் நாட்டிய விழா நடத்துகிறது. பல்லவச் சிற்பத்தைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து பரதம் பார்க்கிறார்கள். கைதட்டுகிறார்கள். ஆடுகிற பெண்களில் அந்தப் பழைய வீடுகளின் பேத்திகள் எத்தனை பேர்? கேட்டுப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

சரி, அந்த வீட்டுப் பெண்கள் எங்கே போனார்கள்? சிலர் சபா மேடைக்கு. பலர் பெயர் தெரியாமல் எங்கெங்கோ. கொஞ்சம் பேர் சினிமாவுக்கு.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1947 கடைசியில் சட்டம். 1948 ஏப்ரலில் முரசு நடனம். இப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள் கோயிலில் ஆடக்கூடாது என்று சொன்ன அதே மாகாணம், சில மாதங்களுக்குள், அப்படியொரு கலைக் குடும்பத்திலிருந்து வந்த பெண்ணின் ஆட்டத்தை டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, முண்டியடித்துப் பார்த்தது.

*

சினிமாவும் அவரைச் சும்மா விடவில்லை. என்ன வேஷங்கள் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்'. எம்.கே.தியாகராஜ பாகவதர் கதாநாயகன். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம். அதில் ராஜகுமாரி யார்? ரம்பை. பெற்றோரைத் துரத்திவிட்டுத் தன் பின்னால் வருகிற ஹரிதாசிடம் சொத்தை எல்லாம் கறந்துவிட்டு விரட்டுகிற தாசி.

1954-ல் 'மனோகரா'. கருணாநிதி வசனம், சிவாஜி கர்ஜனை, கண்ணாம்பாவின் ஆவேசம். எல்லாம் யாருக்கு எதிராக? ராஜாவை மயக்கி, பட்டத்து ராணியை ஒதுக்கவைத்த வசந்தசேனைக்கு எதிராக. வசந்தசேனையும் ராஜகுமாரிதான். ஐந்து வருடம் கழித்து 'தங்கப்பதுமை'. மறுபடியும் அடுத்தவள் புருஷனை மயக்குகிற வேஷம்.

ஒரு முறை என்றால் தற்செயல். மறுபடி மறுபடி என்றால் அது ஊரின் மனசு. சட்டத்தில் ஒழித்துவிட்ட தாசியைத் திரையில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து, ஆடச்சொல்லி ரசித்து, கடைசி ரீலில் தண்டித்து, நிம்மதியாக வீட்டுக்குப் போனது ஜனம். ஆட்டமும் வேண்டும், ஆடினவள் கெட்டவள் என்ற திருப்தியும் வேண்டும்.

ஹாலிவுட்டிலும் இதே கூத்துதான். கில்டாவாக ரீட்டா ஆடும்போது ஒரே ஒரு கையுறையைக் கழற்றுவார். அவ்வளவுதான். அதற்காகக் கதாநாயகன் கையால் அறை வாங்குவார். தன்னைக் காதலிப்பவர்கள் கில்டாவோடு படுக்கப் போய், காலையில் ரீட்டாவோடு கண் விழிக்கிறார்கள் என்ற அர்த்தத்தில் ரீட்டா வருத்தப்பட்டதாகச் சொல்வார்கள். அந்த வருத்தம் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

ராஜகுமாரி அப்படியெல்லாம் புலம்பியதாகத் தெரியவில்லை. அவர் வேறு வேலையில் இருந்தார்.

*

இப்போது கொஞ்சம் சினிமா வியாபாரம் பேசலாம். பொறுமை. கணக்கு வகுப்பு இல்லை, இரண்டே நிமிஷம்.

ஒரு படம் எடுக்கிறவர் தயாரிப்பாளர். அவர் படத்தை ஏரியா ஏரியாவாகப் பிரித்து விநியோகஸ்தரிடம் விற்கிறார். தமிழ் சினிமாக்காரர்களின் மேப்பே தனி. அதில் என்.எஸ்.சி. என்று ஓர் ஏரியா உண்டு. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றின் முதலெழுத்துகள். அரசாங்கம் ஜில்லாக்களை உடைத்தது, பெயர்களை மாற்றியது, தலைவர்கள் பெயரை வைத்தது, எடுத்தது. செங்கல்பட்டு என்ற பெயர் ஜில்லா வரைபடத்திலிருந்தே ஒரு இருபது வருடம் காணாமல் போய், 2019-ல்தான் தனி மாவட்டமாகத் திரும்பி வந்தது. ஆனால் சினிமா விநியோகஸ்தர் ஆபீஸ்களில் 'செங்கல்பட்டு ஏரியா' ஒரு நாளும் அழியவில்லை. சென்னையைச் சுற்றி இருக்கிற தியேட்டர்கள் எல்லாம் அதில் வருவதால், கொழுத்த ஏரியா அது.

விநியோகஸ்தரிடமிருந்து படம் தியேட்டர்காரரிடம் போகிறது. அதற்கும் கீழே, அந்தக் காலத்தில், டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கொட்டகை, தரை டிக்கெட், முன்னால் உட்கார்ந்திருப்பவன் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடு கட்டிக்கொள்ளலாம். மீன்பிடிக் குப்பங்களுக்கும் ஏரிக்கரை கிராமங்களுக்கும் ராஜகுமாரி போய்ச் சேர்ந்தது அந்தக் கொட்டகைகள் வழியாகத்தான்.

இந்தச் சங்கிலியில் ரொக்கம் முதலில் யார் கையில் விழுகிறது? தயாரிப்பாளர் கையிலா? இல்லை. அவர் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். நடிகை கையிலா? ம்ஹூம். டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற தியேட்டர்காரர் கையில். தினமும், காட்சிக்குக் காட்சி, சில்லறையாக. படம் தோற்றால் அடுத்த வாரம் வேறு படம். தயாரிப்பாளர் தலையில் துண்டு. தியேட்டருக்கோ, இடம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, மதிப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது.

இதை அமெரிக்காக்காரன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டான். ஹாலிவுட்டின் பெரிய கம்பெனிகள் படமும் எடுத்து, விநியோகமும் செய்து, தியேட்டரையும் கையில் வைத்திருந்தன. இது ஏகபோகம், தியேட்டர்களைக் கைவிடுங்கள் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன தேதி 1948 மே 3. சந்திரலேகா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வாஷிங்டனில் நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதிய விஷயம், தஞ்சாவூர் ராஜாயிக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்திருந்தது. சென்னை தியாகராய நகரில், பாண்டி பஜாரில், சொந்தமாக ஒரு தியேட்டர் கட்டினார். தென்னிந்தியாவில் ஒரு நடிகை தியேட்டர் முதலாளியானது அதுதான் முதல் தடவை. பெயர் என்ன வைத்தார்? சாமி பெயர் வைக்கவில்லை. அண்ணன் தம்பி பெயர் வைக்கவில்லை. 'ராஜகுமாரி'.

அடுத்து, தம்பி டி.ஆர்.ராமண்ணாவைச் சேர்த்துக்கொண்டு ஆர்.ஆர்.பிக்சர்ஸ். இரண்டு 'ஆர்'. ராஜகுமாரி, ராமண்ணா. 1953-ல் முதல் படம் 'வாழப்பிறந்தவள்'. அடுத்த வருடம் ஒரு துணிச்சல். எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் ஒரே படத்தில் நடிக்கவைத்தார்கள். 'கூண்டுக்கிளி' (1954). அந்த இரண்டு பேரும் சேர்ந்து நடித்த ஒரே படம், இன்றுவரை. வசூல்? சுமார்தான். சிவாஜி ரசிகர் எம்.ஜி.ஆர். அடி வாங்கவேண்டும் என்று போனார், எம்.ஜி.ஆர். ரசிகர் நேர்மாறாகப் போனார், இரண்டு பேரும் திருப்தியில்லாமல் திரும்பினார்கள்.

வேறு யாராவது என்றால் கடையைச் சாத்தியிருப்பார்கள். அடுத்த வருடமே 'குலேபகாவலி' எடுத்தார்கள். எம்.ஜி.ஆர்., புலிச்சண்டை, மாயாஜாலம், கூடவே ராஜகுமாரியின் நடிப்பு. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. 1957-ல் 'புதுமைப்பித்தன்'. கம்பெனி காலூன்றிவிட்டது.

நடிகை, தயாரிப்பாளர், தியேட்டர் முதலாளி. சங்கிலியின் மூன்று கண்ணியிலும் ஒரே பெண். இந்தத் தலைமுறை நடிகைகள் சொந்தத் தயாரிப்புக் கம்பெனி ஆரம்பித்தால் பத்திரிகைகள் அட்டைப்படம் போடுகின்றன. போடட்டும். எழுபது வருடத்துக்கு முன்னால் ஒருவர் இதைச் சத்தமே இல்லாமல் செய்துவிட்டார்.

*

பாட்டி குஜலாம்பாளிடமிருந்து ராஜகுமாரிக்கு வந்தது பாட்டும் ஆட்டமும் என்றுதான் எழுதுவார்கள். என் கணக்கில் மூன்றாவதாக ஒன்றும் வந்தது. சம்பாதிக்கிறவள் சாவியையும் வைத்துக்கொள்ளவேண்டும் என்ற பழக்கம்.

ரீட்டாவுக்கும் ராஜகுமாரிக்கும் நடுவே உள்ள வித்தியாசமே இதுதான் என்று தோன்றுகிறது. அழகில் வித்தியாசம் இல்லை. திறமையில் இல்லை. இரண்டு பேரும் ஆட்டக்குடும்பம். இரண்டு பேருக்கும் சினிமா பெயர் வைத்தது. ஆனால் ரீட்டாவின் வீட்டில் கல்லாப்பெட்டி அப்பாவிடம் இருந்தது. ராஜகுமாரியின் வீட்டில் அது பாட்டியிடமும் அம்மாவிடமும் இருந்தது. சின்ன வயதில் யார் பணத்தை எண்ணுகிறார்கள் என்று பார்த்துத்தான் பெண் குழந்தைகள் பாடம் படிக்கின்றன. நம் வீடுகளிலும் அப்படித்தான். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பரதநாட்டிய வகுப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். அம்மா பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா?

சீர்திருத்தம் வேண்டாம் என்று யாரும் சொல்லமுடியாது. பொட்டுக்கட்டும் வழக்கம் போனது நல்லது, போகவேண்டியதுதான். ஆனால் ஒரு வழக்கத்தை ஒழிக்கும்போது அதோடு கூட என்னவெல்லாம் போகிறது என்று பட்டியல் எடுக்கவேண்டும். கம்பெனியை மூடும்போதுகூட சொத்து எது, கடன் எது என்று இரண்டு பக்கமும் எழுதித்தானே மூடுகிறோம்? இந்தச் சமூகத்தின் விஷயத்தில் கடன் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கணக்கை மூடிவிட்டார்கள். ஆட்டத்தை வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். வித்தை சொல்லிக்கொடுத்த நட்டுவனார்களுக்குச் சம்பளம் கிடைத்தது. பெண்ணின் பெயரில் சொத்து, அம்மா பெயரில் இனிஷியல், வீட்டு முடிவைப் பாட்டி எடுப்பது, இதையெல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

*

ராஜகுமாரி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கடைசிப் படம் 1963-ல் வந்த 'வானம்பாடி'. அப்போது நாற்பதை ஒட்டிய வயது. அம்மா வேஷம், பாட்டி வேஷம் என்று இன்னும் முப்பது வருடம் ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை. வேஷம் கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்கவேண்டிய நிலைமை இல்லை. கனவுக்கன்னியாகப் பார்த்தவர்கள் கண்ணில் படாமல், அமைதியாக விலகிக்கொண்டார்.

சினிமாக்காரர்களின் கடைசிக்காலம் என்றாலே நமக்கு ஒரு சோகக்கதை ரெடியாக இருக்கும். பாகவதர் எல்லாவற்றையும் இழந்து போனார். சாவித்திரி கதை ஊருக்கே தெரியும். ராஜகுமாரியிடம் அந்தச் சோகம் கிடைக்கவில்லை என்பதாலோ என்னவோ, அவரைப் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை. கஷ்டப்பட்டுச் செத்தால்தான் நினைவு வைத்துக்கொள்வோம் போலிருக்கிறது. 36 வருடம் நிம்மதியாக ஒதுங்கி வாழ்ந்துவிட்டு, 1999 செப்டம்பர் 20-ம் தேதி, எழுபத்தேழாவது வயதில் காலமானார்.

பாண்டி பஜாரில் அந்தத் தியேட்டர் இன்றைக்கு இல்லை. இடித்துக் கடைகள் ஆக்கிவிட்டார்கள். ஜெமினி ஸ்டூடியோவும் இல்லை. மேம்பாலத்துக்குப் பெயராக மட்டும் ஜெமினி மிச்சம். முரசுகளும் இல்லை. படம் இருக்கிறது.

அடுத்த முறை அந்தக் காட்சி டிவியில் வரும்போது, முரசுக்குள்ளே ஒளிந்திருக்கிற வீரர்களை எல்லோரையும் போல நீங்களும் எதிர்பார்ப்பீர்கள். கூடவே டைட்டிலில் அந்தப் பெயரையும் கொஞ்சம் கவனியுங்கள். டி.ஆர். அந்த இரண்டாவது எழுத்தில் ரங்கநாயகி என்ற ஓர் அம்மா இருக்கிறார்.